"உடனே வடிக்கவும்": ஒரு கல்விக் காணொலி உருவான விதம்

கல்லணைக்குப் பிறகு காவிரிப் படுகையில் நடந்த ஆகப் பெரிய காரியம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், எங்கள் வேளாண்மை விரிவாக்க அலுவலகத்துக்கு டேப்லெட் வந்ததுதான் என்று தயங்காமல் சொல்வேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அலுவலகம் இருக்கும் ஊரின் பெயரை வெளியிட நடத்தை விதிகள் இடம் தரவில்லை. குடவாசலிலிருந்து நன்னிலம் போகிற வழியில், பஸ் முழுசாக நிற்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தியாகராசன், உதவி வேளாண்மை அலுவலர். பத்தொன்பது வருட சர்வீஸ். இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் கை தூக்கி எதுவும் நின்றதில்லை. பஸ்ஸும் நின்றதில்லை, மனிதர்களும் நின்றதில்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது கல்விக் காணொலிதான். செய்த நன்றியை மறக்கிற ஆள் நானில்லை.

எங்கள் வேளாண்மை அலுவலர் பரணிதரன் சார் தஞ்சாவூருக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தார். பயிற்சியின் பெயர், "எளிய சாதனங்களைக் கொண்டு குறைந்த செலவில் கல்விக் காணொலி தயாரித்தல்." போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார், தயிர்சாத டப்பாவும் கையுமாக. திரும்பி வந்தபோது இரண்டு கை விரல்களையும் கூட்டிச் சதுரம் கட்டி, அந்தச் சதுரத்தின் வழியாக மட்டுமே உலகத்தைப் பார்த்தார். வருகைப் பதிவேட்டைக்கூட அப்படிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

"தியாகராசன், இனிமே வயலு வயலாப் போயி தொண்டத்தண்ணி வத்தக் கத்துற கதையெல்லாம் கெடையாது. ஒரே வீடியோ. ஒரு தடவ எடுத்துட்டா மாவட்டமே பாத்துக் கத்துக்கும். நாம போகவே வேணாம்."

"ரொம்ப நல்லதுங்க சார்" என்றேன். கடைசி வாக்கியம் எனக்கு உடனே பிடித்துவிட்டது.

குறைந்த செலவு என்ற விஷயத்தில் சார் மகா கண்டிப்பு. டேப்லெட்டை நிறுத்த முக்காலி வாங்காமல் மூன்று மூங்கிலைச் சணலால் கட்டினோம். முகத்தில் வெளிச்சம் அடிக்க மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடி. வெளிச்சம் நன்றாகவே வந்தது, கூடவே மத்தி மீன் வாசனையும் வந்ததால் இரண்டு பூனைகள் எங்களோடு வயல்வரை வந்து படப்பிடிப்புக் குழுவில் சேர்ந்துகொண்டன. மைக்கில் காற்று இரையாமல் இருக்க சாருடைய பழைய சாக்ஸ் ஒன்றை வெட்டி மாட்டினோம். அது பேசுகிறவரின் மூக்குக்கு நேரே வரும் என்பதால் எல்லாருடைய வசனமும் சுருக்கமாக அமைந்தது. இதைத்தான் பயிற்சிக் கையேட்டில் "கச்சிதம்" என்று போட்டிருக்கிறார்கள்.

ஒலிப்பதிவு என் பொறுப்பு. காதில் ஹெட்போன், கையில் ஒரு நோட்டு. இடைஞ்சலாக ஏதாவது சத்தம் கேட்டால் நான் கை தூக்க வேண்டும். நான் கை தூக்கினால் சார் "கட்" சொல்லியே ஆக வேண்டும். நோட்டில் டேக் எண்ணை எழுதி, எதிரே "ஒலி தெளிவில்லை" என்று காரணம் குறிக்க வேண்டும். அந்த டேக் அத்தோடு செத்தது. வேளாண்மைத் துறையில் இவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று எனக்கு யாரும் முன்னமே சொல்லவில்லையே!

சாதனங்கள் தயாரான மறுநாள், மார்கழி முதல் வாரத்தில், மருதையன் அலுவலகத்துக்கு வந்தார். கோயில் நிலத்தில் மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். அந்த மூன்று மாவில் விளைவதுதான் அவர் வீட்டுக்கு வருடம் முழுக்கச் சோறு. கையில் தூரோடு பிடுங்கிய ஒரு பயிர் இருந்தது. அடித்தண்டில் பழுப்பு நிறப் பூச்சி அப்பிக் கிடந்தது.

"ஐயா, புகையான் விழுந்துருச்சுங்க. கெழக்கு ஓரத்துல ரெண்டு எடத்துல பாய் விரிச்ச அளவுக்குக் கருகிருக்கு. கதிரு பால் புடிக்கிற நேரமுங்க. தண்ணிய வடிச்சுட்டு மருந்து அடிச்சுடலாமான்னு ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. "இன்னும் இங்கே ஏன்யா நிக்கிறே, ஓடு!" அதுதான் பதில். தண்ணீரை வடிக்க வேண்டும், பயிரை அங்கங்கே ஒதுக்கிக் காற்று விட வேண்டும், தூரில் படுகிற மாதிரி மருந்தடிக்க வேண்டும். ஒரு நாள் வேலை. விட்டால் பத்தே நாளில் வயல் முழுக்க நெருப்பு வைத்ததுபோல் ஆகிவிடும். இது எனக்குத் தெரியும். சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்தேன்.

அதற்குள் பரணிதரன் சார் விரல் சதுரத்தைத் தூக்கி மருதையனை அதற்குள் அடைத்துவிட்டார்.

"தியாகராசன், இந்த மொகத்தப் பாருங்க. கவல! அசல் கவல! இது நடிச்சா வராது."

"ஐயா, தண்ணிய..." என்றார் மருதையன்.

"தொடாதீங்க! எதையும் தொடாதீங்க. உங்க வயல செயல்விளக்கத் திடலா எடுத்துக்குறோம். மருந்து ஆபீஸே குடுக்கும், இலவசமா. உங்க வயல்தான் படம். நீங்கதான் விவசாயி."

"நான் விவசாயிதாங்களே?"

"இனிமே படத்துலயும்."

அன்று சாயங்காலமே மருதையன் வயலில் மஞ்சள் பலகை நட்டோம். "செயல்விளக்கத் திடல்." எங்கள் பக்கத்தில் அந்தப் பலகைக்கு இருக்கும் மரியாதை தனி. பலகை விழுந்த வயலில் உரிமைக்காரர்கூட அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு புல்லைப் பிடுங்க மாட்டார். அடுத்த பட்டத்து விதைநெல்லுக்கு அதே அலுவலகத்து வாசலில்தானே நிற்க வேண்டும்?

சார் ஆறு காட்சிகள் எழுதியிருந்தார். காட்சி ஒன்று, விவசாயி கவலைப்படுகிறார். இரண்டு, அலுவலர் வருகிறார். மூன்று, அலுவலர் பூச்சியைக் காட்டுகிறார். நான்கு, விவசாயி "உடனே" வாமடையை வெட்டி, அதாவது வரப்பில் தண்ணீர் போகிற வழியைத் திறந்து, வயலை வடிக்கிறார். ஐந்து, மருந்து டப்பாவின் சீலை உடைத்து அடிக்கிறார். ஆறு, செழித்த பயிர் நடுவே விவசாயி சிரிக்கிறார். படத்தின் பெயர், "உடனே வடிக்கவும்."

"நாலாம் காட்சி எடுக்குற வரைக்கும் தண்ணி அப்படியே நிக்கணும்" என்றார் சார். "இல்லன்னா தொடர்ச்சி போயிடும். மூணாம் காட்சியில தண்ணியில்லாம நாலாம் காட்சியில தண்ணி இருந்தா பாக்குறவன் சிரிப்பான்."

"மொதல்லயே நாலாம் காட்சிய எடுத்துடலாமுங்களே?" என்று மருதையன் கேட்டார்.

சார் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையசைத்தார். பயிற்சி பெறாதவர்களிடம் இதையெல்லாம் எப்படி விளக்குவது? வரிசைப்படி எடுப்பதுதான் இயற்கையான உணர்ச்சிக்கு நல்லது என்று கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. மருதையனும் ஒப்புக்கொண்டார். உடுத்தியிருந்த வெள்ளைச் சட்டையைப் படம் முடியும்வரை மாற்றக் கூடாது என்றோம், அதற்கும் ஒப்புக்கொண்டார். மருந்து டப்பா ஒன்றே ஒன்றுதான் இருப்பில் இருந்தது. அதையும் சீல் உடைக்காமல் கொண்டுவந்து, பின்னணியில் தெரிகிற மாதிரி வரப்பில் வைத்தோம்.

முதல் நாள் காட்சி ஒன்று. மருதையன் வரப்பில் நின்று, பயிரைப் பார்த்து, "ஐயோ, என் பயிருக்கு என்ன ஆச்சு?" என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னார். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு மயில் அகவியது. நான் கை தூக்கினேன். சார் "கட்!" என்றார். மருதையன் வாயை மூடிக்கொண்டு நின்றார். பூனைகள்கூட நின்றன. அடடா, அந்த நிமிஷத்தை நான் என்னவென்று சொல்வேன்! பத்தொன்பது வருடம்!

இரண்டாம் டேக்கில் திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற வேன் ஒன்று பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. கை தூக்கினேன். மூன்றாம் டேக்கில் கோயில் மைக். கை தூக்கினேன். நான்காம் டேக்கில் ஒரு தவளை. அதற்கு யாரும் கை தூக்கியிருக்க மாட்டார்கள். நான் தூக்கினேன். பதினோராம் டேக்கில் காட்சி ஒன்று முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

"ஐயா, ராத்திரி தண்ணிய மட்டும்..." என்று மருதையன் இழுத்தார்.

"தொடர்ச்சி" என்றார் சார்.

"தொடர்ச்சி" என்றேன் நானும்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அலுவலர் வரும் காட்சி. சார் பைக்கிலிருந்து இறங்கி, கண்ணாடியைக் கழற்றி, வயலை நோக்கி நடந்து வருவார். இறங்குவது சரியாக வந்தால் கண்ணாடி சரியாக வராது. கண்ணாடி சரியாக வந்தால் வரப்பு வழுக்கும். நடுவில் பக்கத்து வயலிலிருந்து பவர் ஸ்பிரேயர் சத்தம் கிளம்பி என் காதைப் பிளந்தது. கை தூக்கினேன். சார் "கட்" என்றார். ஆனால் ஸ்பிரேயர் நிற்கவில்லை.

பக்கத்து வயல் அப்துல் ஜலீல் பாயுடையது. குடவாசலில் உரக்கடை வைத்திருக்கிறவர். எங்கள் பலகையைப் பார்த்த அன்றைக்கே, புகையான் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு தன் வயலில் தண்ணீரை வடித்துவிட்டார். இப்போது மருந்தடித்துக்கொண்டிருந்தார். கல்வி பரவுவதற்கு முன்பே இப்படிக் காரியம் பண்ணுகிறவர்களால்தான் துறைக்குக் கெட்ட பேர்.

"பாய், ஒரு ரெண்டு மணி நேரம் நிறுத்தி வைங்க. ஒலிப்பதிவு நடக்குது" என்றேன்.

"உங்க படத்துக்கு என் பயிரு காத்திருக்காது சார்" என்றவர், வரப்பைத் தாண்டி மருதையனிடம் வந்தார். "மருதையண்ணே, என்ன இது? கெழக்கே ஒரு குழி நெலம் போயிருச்சு போலருக்கே. கடையில மருந்து இருக்கு, காசு பெறகு குடுங்க. மொதல்ல தண்ணிய வெட்டி விடுங்க."

மருதையன் மஞ்சள் பலகையைப் பார்த்தார். அப்புறம் வரப்பில் வெயில் பட்டு மினுங்கிக்கொண்டிருந்த எங்கள் டப்பாவைப் பார்த்தார். "ஆபீஸ் மருந்து இங்கயே இருக்கு பாய். அவுங்க தொறக்கச் சொன்னதும் அடிச்சுடுவேன்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மலேசியாவில் இருக்கும் மச்சினன் படத்தைப் பார்ப்பானே என்று முந்தின நாள் சொல்லியிருந்தார்.

நான்காம் நாள், பூச்சியைக் காட்டும் காட்சிக்குச் சற்று முன்னால், டேப்லெட்டில் இடமில்லை என்று வந்துவிட்டது. சாருடைய பயிற்சி நாள் பதிவுகள் உள்ளே நிறைந்திருந்தன. அழிக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். அரசு சாதனத்தில் உள்ள பதிவை அழிக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். கடிதம் போட்டோம். அனுமதி ஐந்தாம் நாள் சாயங்காலம் வந்தது. மேலிடம் இவ்வளவு வேகமாக இயங்கி நான் பார்த்ததில்லை.

அந்த ஐந்தாம் நாள் காலையில்தான் மருதையனின் மனைவி ரெத்தினம் மண்வெட்டியோடு வந்தார். யாரையும் பார்க்கவில்லை, நேரே வாமடைக்குப் போனார்.

"யம்மா! தொடர்ச்சி!" என்று சார் கத்தினார்.

"என்னா சார் தொடர்ச்சி? அஞ்சு நாளா இது ஒண்ணுதான் தொடர்ச்சியா நடக்குது" என்று ரெத்தினம் வயலைக் காட்டினார். பாய் விரித்த அளவாக இருந்த கருகல் களத்துமேடு அளவுக்கு ஆகியிருந்தது. "பூச்சிக்கு நீங்க படம் எடுக்குறது தெரியுமா? அதுபாட்டுக்கு உக்காந்து சாறு குடிச்சுக்கிட்டு இருக்கு, நீங்க டீ குடிக்கிறீங்க."

மருதையன் ஓடிவந்து மண்வெட்டியைப் பிடித்தார். "இந்தா, சும்மா இரு. ஆபீஸருங்க தெரியாமலா சொல்றாங்க?"

"தெரியாம சொன்னாப் பரவால்லியே. தெரிஞ்சேல்ல சொல்றாங்க" என்றார் ரெத்தினம். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "ஏன் சார், நீங்க சொல்லுங்க. பத்து வருசமா இந்த வயலுக்கு வந்து போறீங்க. தண்ணிய வடிக்கணுமா, வேணாமா?"

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன். அப்போது எந்தக் காட்சியும் ஓடவில்லை. இருந்தாலும் ஒலிப்பதிவாளருக்குத் தயார் நிலை முக்கியம். ரெத்தினம் அந்த ஹெட்போனைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆறாம் நாள் டேப்லெட் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள விரும்பியது. வரப்பிலேயே உட்கார்ந்து ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். அதற்கு இன்டர்நெட்டை மருதையனின் போனிலிருந்துதான் எடுத்தோம். குறைந்த செலவு என்பதை நாங்கள் ஒரு நாளும் மறந்ததில்லை. மீதிப் பொழுதில் சார் பூச்சியைக் காட்டும் காட்சியை முடித்தார். இப்போது பூச்சி எங்கே தொட்டாலும் இருந்ததால், தேடும் சிரமம் அறவே இல்லை.

ஏழாம் நாள், காட்சி நான்கு. மருதையன் மண்வெட்டியால் வாமடையை வெட்டிக்கொண்டே சொல்ல வேண்டிய வசனம் இது: "புகையான் கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதுங்க. நான் உடனே தண்ணியை வடிச்சுட்டேன்."

மண்வெட்டியை ஓங்கினார். "புகையான் கண்டா ஒரு நாள்கூட..." அதோடு நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் சார்.

"கூச்சமா இருக்குங்க."

"கேமராவப் பாத்துக் கூச்சப்படாதீங்க."

"கேமராவப் பாத்து இல்லீங்க" என்றார் மருதையன். வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறேழு முறை திக்கி, கடைசியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மண் விழுந்தது. தண்ணீர் கிளம்பி வடிகாலுக்குள் சலசலத்து ஓடியது. சார் முகம் மலர்ந்தது. மருதையனும் அந்தத் தண்ணீரைப் பார்த்து, "அப்பாடா" என்றார். அந்த நேரத்தில் ஹெட்போனில் எனக்கு ஏதோ கேட்டது. மயிலா, தூரத்தில் ஒரு குழந்தை அழுததா, இரண்டும் இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. கை தூக்கிவிட்டேன். பழக்கம்.

"கட்!" என்றார் சார். "வாமடைய அடைங்க! தண்ணி போகுது பாருங்க!"

தொடர்ச்சிக்காக, வடிந்த தண்ணீரை மறுபடி வாய்க்காலிலிருந்து வயலுக்குப் பாய்ச்சினோம். மருதையன்தான் பாய்ச்சினார். ஒரு பொழுது ஆயிற்று. புகையான் விழுந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய முதல் விவசாயி என்ற பெருமை அவரைத்தான் சேரும், அதற்கு உத்தரவிட்ட முதல் அலுவலகம் என்ற பெருமை எங்களைச் சேரும். எட்டாம் நாள் எடுத்த டேக்கில் அவர் திக்கவே இல்லை. முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் மனப்பாடமாகச் சொன்னார். "இப்பத்தான் நடிகனா ஆயிருக்கீங்க" என்று சார் பாராட்டினார்.

ஒன்பதாம் நாள் டப்பாவின் சீலை உடைத்தார். மருந்தடித்தார். எதன்மேல் அடித்தார் என்று தெரியாதபடி கையையும் ஸ்பிரேயரின் முனையையும் மட்டும் நெருக்கமாக எடுத்தோம். நெருக்கக் காட்சி மிகுந்த சக்தி வாய்ந்தது என்று கையேட்டில் இருக்கிறது. உண்மைதான். டேப்லெட்டை ஒரு சாண் நகர்த்தியிருந்தால்கூட, மூன்று மாவும் காய்ந்த வைக்கோலாகச் சாய்ந்து கிடந்தது படத்தில் வந்திருக்கும்.

காட்சி ஆறுக்குச் செழித்த பயிர் வேண்டும். பக்கத்திலேயே இருந்தது. ஜலீல் பாயிடம் அனுமதி கேட்டோம்.

"தாராளமா எடுத்துக்கங்க" என்றார் பாய். "வயலு என்னுது. சிரிப்பு மட்டும் மருதையண்ணனுதா?"

சிரிப்புக்குப் பதினான்கு டேக் ஆயிற்று. மருதையன் அடுத்தவர் வயலில், அதே வெள்ளைச் சட்டையில், கதிரைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். உதடு விரியும், கண்ணுக்கு வராது. சார் "பல்லு தெரியட்டும், பல்லு தெரியட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒலி இல்லாத காட்சி என்பதால் எனக்கு வேலை எதுவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு முழுக்கப் பார்க்க வேண்டியதாயிற்று. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

படம் மூன்றரை நிமிஷம். மாவட்ட அளவில் முதல் பரிசு. சாருக்குப் பொன்னாடை, எனக்குச் சான்றிதழ். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள். அதில் சார் பார்த்தது எத்தனை தடவை என்பது அலுவலக ரகசியம்.

தை மாதம் ஊரெல்லாம் அறுவடை மெஷின் ஓடியபோது, மருதையன் பாதிப்பு நிவாரணம் கேட்டு ஒரு மனு கொடுத்தார். அது என் மேஜைக்குத்தான் வந்தது. "புகையானால் மூன்று மாவும் போய்விட்டது, கண்டுமுதலாக ஒரு நெல்கூட இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். விசாரணை என்று ஒன்று இருக்கிறதே! ஆவணங்களைப் பார்த்தோம். ஆவணம் தெளிவாக இருந்தது. முதல் பரிசு வாங்கிய ஆவணம். சார் சொல்லச் சொல்ல நான்தான் பதில் எழுதினேன்:

"தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. தங்கள் வயலில் ஏற்பட்ட புகையான் தாக்குதல், தாங்கள் உடனே நடவடிக்கை எடுத்ததன் காரணமாக முழுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதாக இவ்வலுவலகப் பதிவுகளிலிருந்து தெரியவருகிறது. தாங்களே சிரிப்பதும் பதிவாகியுள்ளது. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது. இணைப்பு: காணொலி."

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெத்தினம் வாசலில் நின்று வாங்கிப் படித்தார். "வருசத்துச் சோத்த அழிச்சுட்டு, சிரிச்சான்னு எழுதிக் குடுக்குறீங்களே சார்" என்றார். உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மாசியில் குடவாசலில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம். நெல் காயவைக்கும் படுதாவைச் சுவரில் கட்டி எங்கள் படத்தைப் போட்டார்கள். கைதட்டல் அடங்கியதும் பரணிதரன் சார் மைக்கைப் பிடித்தார். "இந்தக் காணொலியால பயன்பெற்ற விவசாயி நம்ம மருதையன் அவர்கள் இப்ப ரெண்டு வார்த்த பேசுவாங்க" என்றார். மருதையனை அதே வெள்ளைச் சட்டையில் வரச் சொல்லியிருந்தார். அவரும் அப்படியே வந்திருந்தார். அந்தப் பேச்சைப் பதிவு செய்து படத்தின் கடைசியில் சேர்ப்பதாக ஏற்பாடு. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சாக்ஸ் போட்ட மைக்கை அவருக்கு நேரே நீட்டினேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றார் மருதையன். "படம் நல்லாருக்குங்க. இதுல ஒரு மருதையன் வர்றான். பூச்சியப் பாத்த அன்னைக்கே தண்ணிய வடிச்சுட்டான், அன்னைக்கே மருந்தடிச்சுட்டான். பயிரும் நல்லா வெளஞ்சிருக்கு."

சார் பூரிப்போடு தலையாட்டினார்.

"அந்த மருதையன் வீடு எங்கன்னு ஆபீஸ்ல யாராச்சும் கொஞ்சம் சொல்லுங்க. வீட்டுல அரிசி இல்ல. அவங்கிட்டப் போயி ஒரு மூட்ட நெல்லு கேக்கணும்."

என் கை தானாக மேலே போயிற்று. மருதையன் என்னைப் பார்த்தார், நான் தூக்கிய கையைப் பார்த்தார். நிற்கவில்லை.

"இந்த சார் பதில் சொல்லலாம்" என்றார். "அவருக்கு எல்லாம் கேக்கும். காதுல மிஷின் மாட்டியிருக்காரு. ஒம்போது நாளு அந்த வரப்புல தவளை கத்துனதுகூட அவருக்குக் கேட்டுச்சு."

இறங்கிப் போய் ரெத்தினத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் முடிந்ததும் சார் என்னைத் தனியே அழைத்தார். "அந்தப் பேச்சத் தூக்கிடுங்க தியாகராசன். காரணம் ஏதாவது எழுதிக்கங்க."

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டி ஒருமுறை கேட்டேன். மயில் இல்லை, வேன் இல்லை, கோயில் மைக் இல்லை, தவளை இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் கணீரென்று விழுந்திருந்தது. என் வாழ்நாளில் நான் பிடித்த மிகச் சுத்தமான ஒலிப்பதிவு அதுதான், ஒரே டேக்கில். நோட்டை எடுத்து, டேக் ஒன்று என்று எண் போட்டு, எதிரே எழுதினேன்: "ஒலி தெளிவில்லை."